ஒண்ணுக்கு ரெண்டா ரெக்கார்ட் ஆகுதா சார்?

எங்கள் அப்பா டி.வி.யில் வந்திருக்கிறார். மொத்தம் நாற்பது விநாடி!

2017 பொங்கலுக்கு ஒரு சேனலில் பட்டிமன்றம் போட்டார்கள். எங்கள் ஏரியா பள்ளிக்கூட மைதானத்தில் எடுத்தது. கடைசியில் பார்வையாளர்களையும் பேசச் சொன்னபோது, மூன்றாவது வரிசையிலிருந்து அப்பா எழுந்தார். மைக்கை வாங்கினார்.

"நடுவர் அவர்களே! குடும்பத்துக்குத் தூண் மாமியாரா, மருமகளான்னு ஒன்றரை மணி நேரமா வாதாடறீங்க. ரெண்டு தூணுக்கும் நடுவுல மாட்டிக்கிட்டு முழிக்கிறானே ஒருத்தன், அவனைப் பத்தி யாராவது ஒரு வார்த்தை பேசினீங்களா?" என்று கேட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

ஒரே கைதட்டல். நடுவரே விழுந்து விழுந்து சிரித்தார்.

பொங்கலன்று அதைப் பார்க்க வீட்டில் பெருங்கூட்டம். நான் செட்டாப் பாக்ஸில் சிவப்புப் பட்டனை அழுத்தி ரெக்கார்ட் செய்தேன். அத்தை மகன் செல்போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு குறுக்கே நின்று, டி.வி.யை மறைத்ததற்காக எல்லாரிடமும் திட்டு வாங்கினான். அப்புறம் யார் வீட்டுக்கு வந்தாலும் காபிக்கு முன்னால் அந்த நாற்பது விநாடி உண்டு.

2019 ஆடியில் அப்பா போய்விட்டார்.

2020 ஆடியில் முதல் வருடத் திதி. ஊரடங்கு. சொந்தக்காரர்கள் யாரும் வர முடியவில்லை. சாயங்காலம் அம்மா மெதுவாகக் கேட்டார்:

"அந்தப் பட்டிமன்றத்தைக் கொஞ்சம் போடுடா. அப்பா பேசறதைக் கேக்கணும் போல இருக்கு."

ரிமோட்டை எடுத்தேன். லிஸ்ட்டைத் தள்ளினேன். தள்ளினேன். தள்ளிக்கொண்டே இருந்தேன். பட்டிமன்றம் இல்லை!

வேறு என்ன இருந்தது? அம்மா பார்க்கும் ராத்திரி ஒன்பது மணி சீரியல் இருந்தது. அதே எபிசோடு, மறுநாள் மத்தியானம் மறு ஒளிபரப்பானது, அதுவும் இருந்தது. என் மனைவி பார்க்கும் ஒன்பதரை மணி சீரியல் இரண்டிரண்டாக இருந்தது. நான் என்றைக்கோ ஆசைப்பட்டுப் போட்ட ஒரு காமெடிப் படம் நான்கு காப்பி இருந்தது. எண்ணிப் பார்த்தேன். மொத்தம் 214 பதிவுகள். அதில் 97 டூப்ளிகேட்!

பெட்டி நிரம்பிவிட்டது. நிரம்பினால் ஆகப் பழையதை அழித்துவிட்டுப் புதியதைப் போட்டுக்கொள்ளும்படி அதில் ஒரு ஏற்பாடு. ஆகப் பழையது எது? அப்பா.

"சரி விடு. எனக்குத்தான் மனப்பாடமா தெரியுமே" என்று அம்மா எழுந்து அடுக்களைக்குப் போய்விட்டார். நாலு திட்டு திட்டியிருந்தால்கூடத் தேவலை.

பெட்டிக்குள் ஒரு குமாஸ்தா

அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. இந்தப் பெட்டி ஏன் இப்படிச் செய்கிறது என்று யோசித்தேன். நான் பி.காம். எனக்குத் தெரிந்த ஒரே பாஷை கணக்குப் பாஷை. அதிலேயே சொல்கிறேன்.

ஒரு கம்பெனியில் ஒரே சரக்குக்கு இரண்டு தடவை பில் வருகிறது. குமாஸ்தா இரண்டுக்கும் பணம் கொடுத்துவிடாமல் எப்படித் தப்பிக்கிறார்? பில் நம்பரைப் பார்க்கிறார். 'இந்த நம்பருக்கு ஏற்கெனவே செக் போட்டாச்சே!' என்று இரண்டாவதைத் தள்ளிவிடுகிறார். பில்லில் நம்பரே இல்லாவிட்டால்? கடை பெயர் ஒன்று, தொகை ஒன்று. ஒரே பில்லா, இரண்டு பில்லா என்று பிரம்மாவுக்கும் தெரியாது.

நம் ரெக்கார்டர் நிலைமை இதேதான். அதற்குக் கதை தெரியாது. கதாநாயகி அழுவது நேற்றைய அழுகையா, இன்றைய அழுகையா என்று தெரியாது. (அது பார்க்கிற நமக்கே தெரிவதில்லை என்பது வேறு விஷயம்.) சேனல், தேதி, மணி, நிகழ்ச்சியின் பெயர், கூடவே இரண்டு வரிக் குறிப்பு. டி.வி. கைடில் வரும் இவ்வளவுதான் அதன் உலகம்.

நம் டி.டி.எச். பெட்டிகள் டி.வி.பி. என்ற டிஜிட்டல் ஒளிபரப்பு முறையில் வேலை செய்கின்றன. அதில் ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் ஒரு எண் உண்டு. 16 பிட் எண். அதாவது ஒரு சேனலுக்கு 65,536 எண்கள். 'அப்புறமென்ன சார், நம்பர்தான் இருக்கிறதே?' என்பீர்கள். இருக்கிறது. ஆனால் அது எபிசோடின் நம்பர் அல்ல, ஒளிபரப்பின் நம்பர். ராத்திரி ஒன்பது மணிக்கு வந்தால் ஒரு நம்பர். அதே எபிசோடு மறுநாள் மத்தியானம் வந்தால் வேறு நம்பர். ஒரே பில்லை இரண்டு கவரில் போட்டு, கவருக்கு மட்டும் நம்பர் கொடுத்த மாதிரி!

குறிப்பாவது உதவுமா? எங்கள் பெட்டியில் அம்மாவின் சீரியலுக்கு வருகிற குறிப்பு: 'ஒரு பெண் தன் குடும்பத்துக்காகப் போராடுகிறாள்.' முதல் நாளும் அதுதான். நானூறாவது நாளும் அதுதான். அவள் போராடிக்கொண்டே இருக்கிறாள். பெட்டி பதிவு செய்துகொண்டே இருக்கிறது.

பதினைந்தே வாரம்!

டூப்ளிகேட் விழுந்தால் என்ன, இடம்தான் நிறைய இருக்கிறதே என்று நானும் நினைத்தவன்தான். பேப்பர் பென்சில் எடுத்த பிறகுதான் விழித்தேன்.

ஹெச்.டி. படம் விநாடிக்கு 8 மெகாபிட் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மணி நேரத்துக்கு 3.6 ஜி.பி. அரை மணி சீரியல் 1.8 ஜி.பி. வீட்டில் மூன்று சீரியல், வாரம் ஆறு நாள். ஒரிஜினலைப் பார்த்தவுடன் அம்மா அழித்துவிடுவார். மறு ஒளிபரப்பை யார் பார்க்கிறார்கள்? பார்க்காததால் யாரும் அழிப்பதும் இல்லை. பார்த்தது போகும், பார்க்காதது தங்கும்! வாரத்துக்கு 18 டூப்ளிகேட், 32.4 ஜி.பி. பெட்டியோ 500 ஜி.பி. பதினைந்து வாரத்தில் 486 ஜி.பி. காலி!

அதிலும் 2020 ஒரு விசேஷ வருடம். மார்ச்சில் ஊரடங்கு வந்து சீரியல் படப்பிடிப்புகள் நின்றுபோயின. சேனல்கள் பரணிலிருந்து பழசை எடுத்துத் தூசு தட்டின. தூர்தர்ஷனே 1987-ல் தொடங்கிய 'ராமாயணம்' தொடரை 2020 மார்ச் 28 முதல் மறுபடி போட்டது. அம்மாவின் சீரியலும் பழைய எபிசோடுகளாக ஓடியது. அம்மா, "இதெல்லாம் பார்த்ததுதானே" என்று புத்தகத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பெட்டிக்கு அந்த விவேகம் ஏது? ராத்திரி ஒன்று, மத்தியானம் ஒன்று என்று விசுவாசமாக இரண்டையும் அடுக்கிக்கொண்டிருந்தது.

நிரம்பியதும் அது செய்த காரியத்துக்கு எங்கள் வகுப்பில் ஒரு பெயர் உண்டு. 'ஃபர்ஸ்ட் இன், ஃபர்ஸ்ட் அவுட்.' முதலில் வந்த சரக்கு முதலில் வெளியே. மளிகைக் கடைக்கு அது நல்ல முறை. பழைய உளுந்து முதலில் விற்க வேண்டும். ஆனால் வீட்டில் பழையதுதானே விலை மதிப்பு! தாலிக்கொடியை யாராவது 'முதலில் வந்தது' என்று முதலில் விற்பார்களா?

கேசட் காலத்தில்...

இந்தத் தலைவலி புதிதல்ல. வி.ஹெச்.எஸ். கேசட் 1976-ல் ஜப்பானில் வந்தது. நம் வீடுகளில் எண்பதுகளில் நுழைந்தது. மூன்று மணி நேர கேசட். முதுகில் லேபிள். லேபிளில் அடித்து அடித்து எழுதிய நாலு படத்தின் பெயர். உள்ளே இருப்பது ஐந்தாவது படம்!

ஆனால் அந்தக் கேசட்டில் ஒரு புத்திசாலித்தனம் இருந்தது. பின்பக்க ஓரத்தில் ஒரு குட்டி பிளாஸ்டிக் நாக்கு. அதை ஸ்க்ரூ டிரைவரால் நெம்பி உடைத்துவிட்டால், அப்புறம் அதன்மேல் எவராலும் ரெக்கார்ட் செய்ய முடியாது. கல்யாண கேசட்டை எல்லாரும் அப்படித்தான் காப்பாற்றினார்கள். (உடைந்த இடத்தில் செல்லோ டேப் ஒட்டி, அக்கா கல்யாணத்தின்மேல் கிரிக்கெட் மேட்ச் பதிந்த தம்பிகளும் உண்டு. அவர்களைப் பற்றி இங்கே வேண்டாம்.)

நேரக் குழப்பத்துக்கும் அப்போதே மருந்து கண்டுபிடித்தார்கள். மேற்கு ஜெர்மனியில் 1985-ல் 'வி.பி.எஸ்.' என்று ஒரு முறை. ஒளிபரப்போடு சேர்த்து ஒரு ரகசிய அடையாளத்தை அனுப்புவார்கள். நிகழ்ச்சி பத்து நிமிஷம் தள்ளிப்போனால் வி.சி.ஆரும் பத்து நிமிஷம் காத்திருக்கும். 1990-ல் அமெரிக்காவில் இன்னொரு முறை. பேப்பரில் நிகழ்ச்சி பெயருக்குப் பக்கத்தில் எட்டு இலக்கம் வரை ஒரு எண் போடுவார்கள். அதைத் தட்டினால் போதும், தேதி, சேனல், நேரம் எல்லாம் தானாகப் பதிவாகிவிடும்.

இரண்டுமே 'எப்போது' என்ற கேள்விக்கு விடை. 'ஏற்கெனவே இருக்கிறதா' என்ற கேள்வியை அவை கேட்கவே இல்லை. அதைக் கேட்டவர்கள் பிறகு வந்தார்கள்.

வெள்ளைக்காரன் பில் நம்பர் போட்டான்

1999-ல் அமெரிக்காவில் 'டிவோ' என்ற பெட்டி விற்பனைக்கு வந்தது. ஹார்டு டிஸ்க்கில் பதிவு செய்யும் பெட்டி. ஒரு தொடரின் பெயரைச் சொல்லிவிட்டால் எல்லா எபிசோடையும் அதுவே பிடித்துவைக்கும். முதல் ஒளிபரப்பு மட்டும் போதுமா, மறு ஒளிபரப்பும் வேண்டுமா, டூப்ளிகேட் உட்பட எல்லாமே வேண்டுமா என்று கேட்கும். அதோடு ஒரு 28 நாள் விதி. கடந்த 28 நாளுக்குள் பதிவு செய்த எபிசோடு திரும்ப வந்தால் தொடாது.

எப்படி முடிந்தது? பில் நம்பர்தான்! அங்கே டி.வி. கைடு தயாரிக்கும் நிறுவனம் ஒவ்வொரு எபிசோடுக்கும் ஒரு குறியீடு கொடுத்தது. 'ஈ.பி.' என்று தொடங்கினால் எபிசோடு. 'எம்.வி.' என்றால் சினிமா. 'எஸ்.ஹெச்.' என்றால் பொதுவான நிகழ்ச்சி, எந்த எபிசோடு என்று தெரியாது. காலையில் வந்தாலும் நள்ளிரவில் வந்தாலும் ஒரு எபிசோடுக்கு ஒரே குறியீடு. பிரிட்டனின் 'ஃப்ரீவியூ' ஒளிபரப்பிலும் இப்படித்தான். எபிசோடுக்கு ஓர் அடையாளம், தொடருக்கு ஓர் அடையாளம்.

என்னோடு பி.காம். படித்த நண்பன் ஒருவன் இருக்கிறான். பகலில் கம்பெனிக் கணக்கு, ராத்திரியில் கம்ப்யூட்டர். அவன் வீட்டில் 'மித் டி.வி.' என்ற இலவச மென்பொருளைப் போட்டு, இலவச சேனல்களைப் பதிவு செய்கிறான். 2002-லிருந்து இருக்கும் மென்பொருள் அது. என் கதையைக் கேட்டுவிட்டுச் சொன்னான்:

"மாப்ளே, இதுல ரெண்டு லிஸ்ட் இருக்கு. ஒண்ணு இப்ப டிஸ்க்ல இருக்கிறது. இன்னொண்ணு, இதுவரைக்கும் பதிவு பண்ணினது மொத்தமும். நீ பார்த்துட்டு அழிச்சிட்டாக்கூட ரெண்டாவது லிஸ்ட்ல பேர் இருக்கும். திரும்ப வந்தா எடுக்காது."

"சரக்கு வித்துப்போனாலும் ஸ்டாக் ரிஜிஸ்தர்ல என்ட்ரி இருக்கிற மாதிரி?"

"அதேதான். திரும்ப வேணும்னா, 'அழிச்சிடு, ஆனா மறுபடி வந்தா எடுத்துக்கோ'ன்னு தனியா ஒரு பட்டன் இருக்கு."

எபிசோடின் தலைப்பை வைத்து ஒப்பிடலாமா, குறிப்பை வைத்து ஒப்பிடலாமா, இரண்டையும் வைத்தா என்றுகூட அதில் நாமே சொல்லலாமாம். எனக்குப் பொறாமையாக இருந்தது. அப்புறம் அவனே ஒரு குண்டைப் போட்டான்.

"எல்லாம் சரி. கைடு ஒழுங்கா இருந்தாத்தான் இந்த வித்தையெல்லாம். தினமும் ஒரே குறிப்பு வந்துச்சுன்னா, ரெண்டாவது நாளே 'இது ஏற்கெனவே இருக்கு'ன்னு நிறுத்திடும். எங்க அக்கா சீரியல்ல மூணு வாரம் போச்சு. இன்னும் அக்கா என்கூடப் பேசறதில்லை."

பில்லா ஒன்று, பில்லா இரண்டு

இதுதான் மறுபக்க ஆபத்து. டூப்ளிகேட்டை ஒழிக்கிறேன் பேர்வழி என்று விதியை இறுக்கினால் ஒரிஜினலும் போய்விடும்.

சினிமாவையே எடுத்துக்கொள்ளுங்கள். 'பில்லா' 1980-ல் ரஜினி, 2007-ல் அஜித். 'பொல்லாதவன்' 1980-ல் ரஜினி, 2007-ல் தனுஷ். 'படிக்காதவன்' 1985-ல் ரஜினி, 2009-ல் தனுஷ். 'மாப்பிள்ளை' 1989-ல் ரஜினி, 2011-ல் தனுஷ். பெயரை மட்டும் பார்க்கிற பெட்டியாக இருந்தால், தனுஷ் படம் உள்ளே இருக்கும்போது ரஜினி படத்தை 'ஏற்கெனவே இருக்கிறது' என்று வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடும். ரஜினி ரசிகரான உங்கள் சித்தப்பா அப்புறம் உங்களைச் சும்மா விடுவாரா?

கணக்கில் இரண்டு வகைத் தப்பு உண்டு. ஒன்றை இரண்டு தடவை எழுதுவது ஒன்று. எழுதவே மறந்துவிடுவது இன்னொன்று. முதல் தப்பை அடித்துவிட்டால் சரியாகிவிடும். இரண்டாவது தப்பு கண்ணிலேயே படாது. ரெக்கார்டரிலும் அதேதான். டூப்ளிகேட்டின் விலை 1.8 ஜி.பி. விட்டுப்போன எபிசோடுக்கு விலையே இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மறு ஒளிபரப்பு நமக்குச் சத்துருவும் இல்லை. ஐப்பசி மழையில் ராத்திரி ஒன்பது மணிக்கு டி.டி.எச். 'சிக்னல் இல்லை' என்று கையை விரிக்கும். அல்லது சரியாக உச்சக்கட்டத்தில் கரன்ட் போகும். அன்றைக்கு நம்மைக் காப்பாற்றுவது மறுநாள் மத்தியான ஒளிபரப்புதான். ஒரே நேரத்தில் மூன்று நிகழ்ச்சி மோதினால், ஒன்றை மறு ஒளிபரப்புக்குத் தள்ளிவைக்கிற கெட்டிக்காரப் பெட்டிகளும் உண்டு.

ஆகவே, என்ன செய்யலாம்?

அடிபட்டுக் கற்றதை வரிசையாகச் சொல்கிறேன். பெட்டிக்குப் பெட்டி பட்டன் மாறும். விஷயம் மாறாது.

1. முதலில் பூட்டு. அழியக் கூடாத பதிவு எதுவோ, அதைத் தேர்ந்தெடுத்து 'கீப்' அல்லது 'லாக்' கொடுங்கள். பழைய கேசட்டில் நாக்கை உடைத்தோமே, அதுதான் இது. டூப்ளிகேட் ஒழிப்பு எல்லாம் இதற்கு அப்புறம். நான் செய்யாமல் விட்டது இந்த ஒரு விநாடி வேலையைத்தான்.

2. டிஸ்க் நிரம்பினால் என்ன ஆகும் என்று செட்டிங்ஸில் பாருங்கள். 'பழையதைத் தானாக அழி' என்பது நாம் கேட்காமலேயே போடப்பட்டிருக்கலாம். அதை அணைத்துவிட்டால் புதியது பதிவாகாது. பரவாயில்லை. புதிய சீரியல் மறுநாள் திரும்ப வரும்.

3. ஒரே சீரியல் ஹெச்.டி. சேனலிலும் வரும், சாதா சேனலிலும் வரும். இரண்டிலும் 'சீரிஸ் ரெக்கார்ட்' கொடுத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். எங்கள் வீட்டில் அம்மா ஒன்றில், மனைவி இன்னொன்றில் கொடுத்திருந்தார்கள். மாமியார் மருமகள் ஒற்றுமை என்பது இதுதான்!

4. 'சீரிஸ் ரெக்கார்ட்' மறு ஒளிபரப்பையும் சேர்த்து அள்ளுகிறதா? அதை ரத்து செய்துவிட்டு, நேரத்தை வைத்து டைமர் போடுங்கள். திங்கள் முதல் சனி, இரவு 9 முதல் 9.35. ஆனால் சேனல்காரர் நேரத்தை மாற்றினால் நீங்களும் மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் வேறொரு குடும்பத்தின் அழுகை பதிவாகும்.

5. 'கடைசி ஐந்து எபிசோடு மட்டும்' என்று வரம்பு வைக்க வசதி இருந்தால் வையுங்கள். டூப்ளிகேட் வந்தாலும் ஐந்துக்குமேல் தாண்டாது. செய்திக்கும் சமையல் நிகழ்ச்சிக்கும் இது கண்கண்ட மருந்து.

6. முன்னால் இரண்டு நிமிஷம், பின்னால் ஐந்து நிமிஷம் சேர்த்துப் பதிவு செய்வது நல்லதுதான். ஆனால் அடுத்தடுத்த இரண்டு சீரியலுக்கும் அப்படிக் கொடுத்தால், நடுவில் ஏழு நிமிஷம் இரண்டு டைமரும் ஒன்றின்மேல் ஒன்று ஏறும். அந்த ஏழு நிமிஷமும் இரண்டிலும் பதிவாகும். அதே நேரத்தில் வேறு சேனலில் வேறொன்றையும் போட்டிருந்தால், இரண்டைத்தான் ஒரே சமயத்தில் பதியும் பெட்டி முழிக்கும்.

7. ஞாயிற்றுக்கிழமை பத்து நிமிஷம் ஸ்டாக் எடுங்கள். லிஸ்ட்டைத் தேதிப்படி இல்லாமல் பெயர்ப்படி வரிசைப்படுத்தினால் இரட்டையர்கள் பக்கத்துப் பக்கத்தில் வந்து நிற்பார்கள். ஒன்றை அழிக்குமுன் மற்றதைக் கடைசிவரை ஓட்டிப் பாருங்கள். மழையில் பாதியில் நின்றுபோனதை வைத்துக்கொண்டு முழுசை அழித்தால், ஸ்டாக் எடுத்தும் பிரயோஜனமில்லை.

8. சினிமாவுக்கு 'ரெக்கார்ட்' அழுத்துமுன் லிஸ்ட்டை ஒரு தடவை பாருங்கள். பெயரோடு நடிகர், வருடமும் பாருங்கள். சேனல்காரருக்கு ஒரு படத்தை ஒன்பது தடவை போட உரிமை இருக்கிறது. நமக்கு ஒன்பது தடவை பதிய வேண்டும் என்று சட்டமில்லை.

'இப்போது எல்லாமே ஆப்பில் இருக்கிறதே சார், யார் ரெக்கார்ட் செய்கிறார்கள்?' என்று கேட்பீர்கள். நியாயம்தான். சீரியலுக்கும் சினிமாவுக்கும் அது சரி. ஆனால் ஆப்பில் இருப்பது அவர்கள் வீட்டு பீரோ. உரிமை முடிந்ததும் எடுத்துவிடுவார்கள். அப்பாவின் நாற்பது விநாடியை அந்தச் சேனலின் யூடியூப் பக்கத்திலும் தேடினேன். பேச்சாளர்கள் பேசியது துண்டு துண்டாக இருந்தது. கூட்டத்தில் எழுந்து நின்றவர்கள் ஒருவரும் இல்லை.

பூட்டியிருந்தால் மட்டும் என்றென்றைக்கும் இருந்திருக்குமா என்றால், அதுவும் இல்லை. டி.டி.எச். பெட்டியில் பதிவானது அந்தப் பெட்டிக்குள் மட்டும் ஓடும்படி ரகசியக் குறியீட்டில் இருக்கும். டிஸ்க்கைக் கழற்றி வேறு எதில் செருகினாலும் படம் வராது. பெட்டி செத்தால் அதுவும் சாகும். பல பெட்டிகளில் பென் டிரைவில் பதிவு செய்தாலும் இதே கதைதான். அதற்கு ஒரே வழி இன்னொரு காப்பி.

அந்த இன்னொரு காப்பிதான் இந்தக் கதையின் முடிவு.

திதி முடிந்த மூன்றாம் நாள், அத்தை மகன் மதுரையிலிருந்து போன் செய்தான். வர முடியவில்லையே என்று வருத்தப்பட்டான். பேச்சுவாக்கில் பெட்டி செய்த அநியாயத்தைச் சொன்னேன்.

"அட! அன்னிக்கு நான் செல்லுல எடுத்தேனே, எல்லாரும் திட்டினீங்களே! அது இன்னும் இருக்கு, அனுப்பவா?" என்றான்.

பத்து நிமிஷத்தில் வந்தது. படம் கோணல். டி.வி. ஸ்க்ரீனில் டியூப் லைட் அடிக்கிறது. நடுவில் குக்கர் விசில். பாதி நேரம் சித்தப்பாவின் பின்னந்தலை. ஆனால், "முழிக்கிறானே ஒருத்தன்..." என்று டி.வி.க்குள் அப்பா பேசி முடிக்கும்போது, டி.வி.க்கு வெளியே சோபாவிலிருந்து அப்பாவின் குரல் கேட்டது:

"டேய், நான் என்னடா இவ்வளவு குண்டா இருக்கேன்? ஏம்மா, நீ ஏன் முன்னாடியே சொல்லலை?"

அதற்கு அம்மா சிரிப்பதும் கேட்டது.

பெட்டியில் இருந்த ஒரிஜினலில் இது இல்லை!

அம்மா அதை அன்றைக்கு ஏழு தடவை பார்த்தார். நான் என் செல்லில் ஒரு காப்பி, மனைவி செல்லில் ஒரு காப்பி, கம்ப்யூட்டரில் ஒன்று, பென் டிரைவில் ஒன்று என்று போட்டு வைத்தேன். தங்கைக்கும் அனுப்பினேன். 97 டூப்ளிகேட்டை உட்கார்ந்து அழித்த அதே கைதான்.

ராத்திரி மனைவி லிஸ்ட்டைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்:

"ஏங்க, சீரியல் ரெண்டா இருந்ததுக்கு அந்தக் குதி குதிச்சீங்க. இது அஞ்சு இருக்கே?"

"அஞ்சு இல்லை. அத்தை மகன்கிட்ட இருக்கிறதையும் சேர்த்து ஆறு" என்றேன்.